முதற் கோடு: யாழ்ப்பாணத்துப் பாலர்க்குச் சித்திரம் பயிற்றிய வரலாறு

அளவெட்டி என்னும் பெயர் காதில் விழுந்தவுடன் நாதசுரமும் தவிலுமே நினைவில் எழுவன. என். கே. பத்மநாதனின் நாதசுரமும் தட்சிணாமூர்த்தியின் தவிலும் ஈழத்திலும் தமிழகத்திலும் ஒருங்கே போற்றப்பட்டவை. இவ்வூரின் இசைக் குடும்பமொன்றிற் பிறந்த பிள்ளை, அரிவரி வகுப்பில் அகரம் எழுதத் தொடங்கும் வயதிலேயே வீட்டிற் சரளி வரிசையைப் பாடவோ தவிற் சொற்கட்டினை வாயாற் சொல்லவோ தொடங்கிவிடும். சரளியின் பின் ஜண்டை வரிசை, அதன்பின் அலங்காரம், அதன்பின் கீதம் என ஒரு படிமுறை உண்டு. அதனை வகுத்தவர் புரந்தரதாசர் (1484–1564) என்பது வழிவழி வந்த கொள்கை. எதன்பின் எது என்பதில் ஆசிரியர்க்கோ மாணாக்கர்க்கோ ஐயம் எழுவதில்லை. அப்படிமுறையின் உச்சியில் இராக ஆலாபனையும் தனியாவர்த்தனமும் நிற்கின்றன. அங்கே மாணாக்கன் பிறர் சொல்லித் தந்ததைத் திருப்பிச் சொல்வதில்லை. தன் கற்பனையையே வெளியிடுகின்றான்.

அதே பிள்ளை பள்ளிக்கூடத்திற் பென்சிலை எடுத்துச் சித்திரம் வரைய அமருங்கால், அதற்குச் சரளி வரிசை எது? இவ்வினாவுக்கு யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் வெவ்வேறு காலத்தில் ஒன்றோடொன்று முரணிய விடைகளைத் தந்துள்ளன. சில காலம் படிமுறை இருந்தது, ஆலாபனை இல்லை. சில காலம் ஆலாபனை வேண்டப்பட்டது, படிமுறை இல்லை. இரண்டையும் ஒருங்கே கண்ட ஆசிரியர்கள் மிகச் சிலரே.

பழைய திண்ணைப் பள்ளியிற் சித்திரம் என்றொரு பாடம் இருந்ததில்லை. ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் நிகண்டும் எண்சுவடியும் மனனம் செய்யப்பட்டன. ஆயினும் கைக்குப் பயிற்சி இல்லையென்று சொல்லிவிட முடியாது. விசயதசமியன்று ஏடு தொடக்குங்கால் தட்டத்திற் பரப்பிய பச்சையரிசியிற் பிள்ளையின் விரலைப் பெரியவர் பிடித்து எழுதுவிப்பர். அதன்பின் மணலில் எழுத்து. அதன்பின் ஓலையில் எழுத்தாணி. தமிழெழுத்திலே நேர்கோட்டினும் வளைகோடே மிகுதி. 'இ', 'ஐ', 'ஞ' முதலியவற்றை மணலிற் பலநூறு முறை சுழித்த விரல், வளைவு எங்கே விரிய வேண்டும், எங்கே ஒடுங்க வேண்டும் என்பதைச் சொல்லாமலே அறிந்துகொண்டது. இதனைச் சித்திரப் பயிற்சி என்று அக்காலத்து உபாத்தியாயர் கருதவில்லை. கருதியிருப்பின் வரலாறு வேறு வழியிற் சென்றிருக்கலாம்.

பள்ளிக்கு வெளியே சித்திரத்தின் மூலகங்கள் எங்கணும் இருந்தன. தைப்பொங்கலன்று மெழுகிய முற்றத்தில் அரிசிமாவினால் இட்ட கோலம்; கும்பாபிடேகத்தின்போது யாகசாலையில் நிறப்பொடிகளால் அமைத்த மண்டலம்; தாய்மார் சாயமிட்ட ஓலையையும் வெள்ளோலையையும் மாற்றி மாற்றி இழைத்த பெட்டியும் தடுக்கும். ஓலை இழைப்பவர்க்குச் சதுரமும் சாய்சதுரமும் கணக்கிற் படித்த வடிவங்களல்ல; விரலாற் கண்ட வடிவங்கள். தமிழிலக்கியமும் கோட்டின் சிறப்பை முன்னரே அறிந்திருந்தது. நிறம் தீட்டாது கோட்டினால் மட்டும் வரைந்ததை நெடுநல்வாடை 'புனையா ஓவியம்' என்னும் பெயராற் குறிக்கின்றது. வண்ணமின்றிக் கோடு மாத்திரமே ஓவியமாகும் என்னும் தெளிவு அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

தேரும் வாகனமும் செய்த ஆசாரிமாரிடம் முறையான சித்திரப் பயிற்சி இருந்தது. ஆயினும் அது குலவழியாகத் தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதேயன்றி ஊர்ப் பிள்ளைகளுக்கு வந்து சேரவில்லை. அத்தகைய பயிற்சி எவ்வாறு நடந்தது என்பதனைக் கண்டிநாட்டுக் கம்மாளரிடையே நேரிற் கண்டு எழுதிவைத்தவர் ஒரு தமிழர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி (1877–1947) 1908ஆம் ஆண்டில் வெளியிட்ட 'இடைக்காலச் சிங்களக் கலை' என்னும் பெருநூலில் அச்செய்தி உண்டு. கண்டிநாட்டுச் சிறுவன் முதலிற் பயிலும் வடிவம் 'வக தெக' எனப்படும். இரண்டு வளைவு என்பது அதன் பொருள். அவ்விரு வளைவுகளும் கையிற் படிந்தபின்னரே கொடியும் இலையும் பூவும் வரும். அவற்றின் பின்னரே விலங்கும் தேவவடிவமும். சரளி வரிசைக்கு நிகரான சித்திரப் படிமுறை நம் தீவிலேயே இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. குமாரசுவாமி அதனைப் பதிந்த காலத்தில் இலங்கைப் பள்ளிகள் முற்றிலும் வேறொரு படிமுறையைக் கைக்கொண்டிருந்தன.

அப்படிமுறை இலண்டனிலிருந்து வந்தது. பிரித்தானியக் கைத்தொழிற் பொருள்கள் அழகிற் பிரெஞ்சுப் பொருள்களுக்குப் பின்னிற்கின்றன என்னும் கவலையினால், 1852இல் ஹென்றி கோல் என்பவர் தலைமையில் அரசாங்கம் ஒரு கலைத் திணைக்களத்தைத் தொடங்கியது. ரிச்சர்ட் றெட்கிறேவ் வகுத்த அதன் பாடவிதானம் 23 படிகளைக் கொண்டது. முதற்படி அடிமட்டமும் கவராயமும் கொண்டு கோடு வரைதல். அதன்பின் அச்சிட்ட மாதிரிகளைப் பார்த்து வரைதல், கனவடிவங்களைப் பார்த்து வரைதல் என்று ஏறிச் சென்று, தானே புதிதாக அமைத்தல் என்பது மிகப் பிந்தியே வந்தது. இதற்கு மூலமாய் நின்றது சுவிற்சர்லாந்தின் பெஸ்தலோற்சி 1803இல் வெளியிட்ட வடிவ அரிச்சுவடி. சதுரத்தையும் அதன் கூறுகளையும் கொண்டு குழந்தையின் கண்ணைப் பழக்கலாம் என்பது அவர் கருத்து. பெஸ்தலோற்சி குழந்தையை எண்ணி வகுத்ததை, இலண்டன் அதிகாரிகள் தொழிற்சாலையை எண்ணி மாற்றிக்கொண்டனர். பேரரசின் பள்ளிகள் அனைத்துக்கும் அதன் சாயல் பரவியது. சென்னையில் 1850இல் அலெக்சாந்தர் ஹன்ரர் என்னும் மருத்துவர் தொடங்கிய கலைப்பள்ளியும் கைத்தொழிலையே நோக்கமாகக் கொண்டிருந்தது.

இம்முறையை முற்றாக இகழ்தல் நியாயமன்று. கோடு நடுங்காமற் செல்லவும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று கண் நோக்கவும் அது பழக்கியது. அதன் குறை வேறு. நூலில் உள்ள மேனாட்டுச் சாடியையும் காணாத இலையையும் வரைந்த பிள்ளை, வேலியிலுள்ள பூவரசிலையை வரையத்தக்க பொருளாக எண்ணவில்லை. சித்திரம் என்பது கொப்பிக்குள் இருப்பது, ஊருக்குள் இருப்பதன்று என்னும் எண்ணம் வேரூன்றியது.

இதற்கிடையே ஐரோப்பாவிற் குழந்தையின் கிறுக்கலைக் கூர்ந்து நோக்குவோர் தோன்றினர். குழந்தைக்கு இயற்கையையன்றி வேறு சித்திர ஆசிரியர் வேண்டா என்று ரூசோ 1762இலேயே எழுதியிருந்தார். இத்தாலியிற் கொறாடோ றிச்சி என்பவர் மழைக்கு ஒதுங்கிய இடத்துச் சுவரிற் சிறுவர் கிறுக்கியவற்றைக் கண்டு வியந்து, 1887இற் குழந்தைச் சித்திரம் பற்றி நூலொன்று வெளியிட்டார். வியன்னாவில் 1897 முதற் பிரான்ஸ் சிசெக் நடத்திய சிறுவர் வகுப்பில் மாதிரிகள் நீக்கப்பட்டன. இங்கிலாந்தில் மேரியன் றிச்சட்சன் (1892–1946) பிள்ளைகளைக் கண்மூடியிருக்கச் செய்து, காட்சியொன்றைச் சொல்லால் விவரித்து, மனத்திற் கண்டதை வரையச் செய்தார்.

இப்புதுக் காற்று இலங்கைக்கு வந்தது 1920இற் சித்திரப் பரிசோதகராய்ப் பதவியேற்ற சி. எவ். வின்சர் மூலமாக. மேனாட்டுப் புத்தோவிய இயக்கத்தை நன்கறிந்த அவருக்கு இந்நாட்டுப் பழங்கலையிலும் மதிப்பு இருந்தது. 1932இல் அவர் விலகவே, பம்பாய்க் கலைப்பள்ளியிற் பயின்ற டபிள்யூ. ஜே. ஜி. பீலிங் (1907–1992) அப்பணியை ஏற்றார். பிற்காலத்தில் '43 குழு' என்னும் ஓவியர் கழகத்தைத் தொடங்கியவர்களுள் அவரும் ஒருவர். பார்த்து வரைவதைக் குறைத்து, இந்நாட்டு மரபுக் கலையையும் புதிய ஓவியப் போக்கையும் பள்ளிக்குள் கொணர்ந்தமையே அவர் செய்த பெரும்பணி.

அவரது மாற்றத்தின் பெறுமதியை அறிய, யாழ்ப்பாணத்துச் சிறுவன் வரையும் துலாக்கிணற்றை எண்ணுதல் போதும். ஆறேழு வயதுப் பிள்ளை கிணற்றை வரையுங்கால் கட்டினை மேலிருந்து பார்த்த வட்டமாகவும், அதனுள்ளே தண்ணீரையும், பக்கத்திலிருந்து பார்த்தாற்போலத் துலாவையும் ஆடுகாலையும் வரையும். பழைய ஆசிரியர் அதனைப் பிழையென்று அழிறப்பரால் அழித்து, கிணற்றை நீள்வட்டமாக வரைந்து காட்டுவார். பிள்ளை தனக்குத் தெரிந்ததை வரைகின்றதேயன்றி நின்ற இடத்திலிருந்து தெரிவதை வரையவில்லை என்பதனைப் பிரெஞ்சு அறிஞர் லூக்கே 1927இல் விளக்கினார். கிணற்றில் தண்ணீர் உண்டு என்பது பிள்ளைக்குத் தெரியும். தெரிந்ததை மறைத்து வரைய அதன் மனம் ஒப்புவதில்லை. கண்டிக்காலத்து விகாரைச் சுவரோவியங்களிற் குளத்தை மேலிருந்தும் மீனைப் பக்கத்திலிருந்தும் கண்டாற்போல வரைந்த கலைஞரும் இதனையே செய்தனர். அவர்களைப் பிழைசெய்தவர் என்று எவரும் கூறுவதில்லை.

யாழ்ப்பாணத்தில் இம்மாற்றத்துக்கு நிலைக்களமாய் அமைந்தது 1938இல் தோன்றிய வின்சர் கலைக்கழகம். பீலிங்கின் ஊக்கத்தினால் எழுந்த இக்கழகத்துக்கு உயிராய் நின்றவர் எஸ். ஆர். கனகசபை (1901–1964). 1950களின் நடுப்பகுதி வரை இக்கழகம் இயங்கியது. அதிற் கூடியவருட் பெரும்பாலோர் சித்திர ஆசிரியர்கள். யாழ்ப்பாணத்திற் கலைக்கூடமும் இல்லை, ஓவியத்தை விலைகொடுத்து வாங்குவோரும் அரியர். ஓவியனுக்குச் சோறிட்டது பள்ளிக்கூடம் ஒன்றே. ஆதலின் இங்கு ஓவிய வரலாறும் சித்திரக் கல்வி வரலாறும் பிரித்தற்கரியனவாய்ப் பின்னிக்கிடக்கின்றன. அக்காலத்திற் கலைப்புலவர் க. நவரத்தினம் (1898–1962) 'தென்னிந்திய சிற்ப வடிவங்கள்' முதலிய நூல்களை எழுதி, கலையைத் தமிழிற் பேசுவதற்கு வேண்டிய சொற்களையும் ஆக்கித் தந்தார். ஒரு விந்தையையும் ஈண்டுக் குறித்தல் தகும். புத்தோவியம் அறிந்த வின்சரின் பெயரைத் தாங்கிய கழகத்தினர் தாம் வரைந்தவை, பெரும்பாலும், உள்ளதை உள்ளவாறு காட்டும் உருவப்படங்களும் இயற்கைக் காட்சிகளுமே. பிள்ளைகளுக்குச் சுதந்திரம் தரும்படி கேட்கப்பட்ட ஆசிரியர், தம் கைக்கு அச்சுதந்திரத்தைப் பெற்றிருந்தாரல்லர்.

இதனினும் பெரிய தடை வேறொன்று. பெருங்கல்லூரிகளிற் சித்திர ஆசிரியர் இருந்தனர். ஊர்தோறும் இருந்த சிறு தமிழ்ப் பாடசாலைகளில் இலர். 1945இல் இலவசக் கல்வி வந்து அரிவரி வகுப்புக்கள் பெருகியபோது, பாலர்க்குச் சித்திரம் கற்பிக்கும் கடமை வகுப்பாசிரியர் தலையில் விழுந்தது. அவர் வாசிப்பும் எழுத்தும் கணக்கும் சமயமும் கற்பித்து, வாரத்தின் இறுதிப் பாடவேளையிற் கரும்பலகையில் வெண்கட்டியால் மாம்பழமொன்றை வரைந்து, அதைப் பார்த்து வரையச் சொன்னார். அவரைக் குறைகூறுவதற்கில்லை. அவருக்கும் எவரும் வேறு கற்பிக்கவில்லை.

புதிய கொள்கை இச்சிறு பாடசாலைகளை அடைந்தபோது அதன் உயிர் வழியிலேயே நீங்கிவிட்டது. ஹேர்பேட் றீட் 1943இல் வெளியிட்ட 'கலைவழிக் கல்வி' என்னும் நூலின் கருத்து, ஊர் வகுப்பறையில் 'விரும்பியதை வரைக' என்னும் ஒரு கட்டளையாய்ச் சுருங்கியது. விளைவு என்ன? இரண்டு மலை, அவற்றினிடையே எழும் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஆறு, கரையில் ஒரு தென்னை, நான்கு பறவை. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் மேல் அமைந்த சமதரை. இங்கே மலை இல்லை. மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்லவும் ஒன்றில்லை. அளவெட்டியிற் பிறந்து, கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் வீதியில் ஓடியாடி, பனங்கூடலையும் புகையிலைத் தோட்டத்தையும் நாள்தோறும் காணும் பிள்ளை, வாழ்நாளிற் கண்டிராத மலையை வரைகின்றது. அண்ணன் கொப்பியிலிருந்து தம்பி கொப்பிக்கு, ஒரு வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு, அம்மலை கைமாறி வருகின்றது. இலண்டன் மாதிரி நூலை ஒழித்தபின்னர், எவரும் அச்சிடாத மாதிரி ஒன்று அதனிடத்தைப் பிடித்துக்கொண்டது. கட்டளையில்லாத இடத்தில் எஞ்சியது சுதந்திரமன்று, பிறர் செய்ததைச் செய்தலே.

மேரியன் றிச்சட்சன் இவ்வாபத்தை நன்குணர்ந்திருந்தார் என்பது அவரது மற்றொரு நூலினாற் புலனாகும். கற்பனையைப் போற்றிய அவரே 1935இல், எழுத்தின் அடிப்படை அசைவுகளை வரிவரியாக எழுதிக் கோலமாக்கும் பயிற்சி நூலொன்றை வெளியிட்டார். எழுதுகின்ற கையும் வரைகின்ற கையும் ஒன்றே என்பது அதன் கருத்து. சாந்திநிகேதனத்தில் 1919இற் கலாபவனம் தோன்றியபின் நந்தலால் போஸ் முதலியோர் வங்கப் பெண்டிர் தரையில் இடும் ஆல்பனாவைக் கலைப்பயிற்சியின் பகுதியாக்கினர். இவ்விரண்டையும் நோக்குங்கால், மணலில் 'இ' சுழித்த நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைக்கும், புள்ளியிட்டுக் கோலம் போடும் அதன் தமக்கைக்கும், சித்திரத்தின் சரளி வரிசை கையிலேயே இருந்தது என்பது விளங்கும். 'ட' கோணத்தைத் தரும். 'ப' சதுரத்தைத் தரும். 'ஐ' சுருளைத் தரும். அவற்றை ஒரு வரியில் இருபது முறை எழுதினால் ஒரு கரை ஆகும். தடுக்கின் இழையை எண்ணிப் பார்த்து நிறமிட்டால் வடிவமும் இடைவெளியும் தாமே தோன்றும். இருபது சதவோலைக்கு விலையுமில்லை.

நிறம் பற்றியும் ஒரு சொல். சிவப்பு, மஞ்சள், நீலம் ஆகிய மூன்றும் முதல் நிறங்கள். பிற நிறங்களைக் கலந்து இவற்றைப் பெற இயலாது என்பது பாலர்க்குச் சொல்லப்படும் விதி. ஆலத்திக்கு மஞ்சளையும் சுண்ணாம்பையும் தாய் கரைக்க, நீர் சிவப்பாவதைக் கண்ட பிள்ளை இவ்விதியைக் கேட்டு ஐயுறுதல் இயல்பே. அஃது இரசாயன மாற்றமேயன்றி நிறக்கலப்பன்று என விளக்கும் ஆசிரியர் ஒரே பாடவேளையில் இரண்டு பாடங்களைக் கற்பித்தவராவார். விதியை மாத்திரம் கொப்பியில் எழுதுவிப்பவர் ஒன்றையும் கற்பித்தவராகார்.

1950களின் இறுதியில் மாற்கு (1933–2000) தோன்றி, விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை அமைத்தார். கொழும்பு அரசினர் நுண்கலைக் கல்லூரியில் டேவிட் பெயின்ரரிடம் பயின்ற அவர், தம் கையில் நவீன ஓவியத்தையும் வகுப்பிற் பொறுமையையும் ஒருங்கே உடையவர். முன்னையோர்க்கு இல்லாதிருந்தது அவர்க்கு இருந்தது; தாம் பெற்ற சுதந்திரத்தையே மாணாக்கர்க்கு அவர் வழங்க முடிந்தது. பின்வந்த யாழ்ப்பாணத்து ஓவியருட் பலர் அவர் மாணாக்கர். 1972ஆம் ஆண்டுப் பாடவிதானச் சீர்திருத்தம் அழகியற் கல்வியை இடைநிலை வகுப்புக்களிற் பொதுப்பாடமாக்கியது. அதனாற் சித்திர ஆசிரியர் தொகை பெருகியது. பாலர் வகுப்பு மட்டும் முன்போலவே நின்றது.

போர்க்காலம் பற்றி விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்துச் செய்தித்தாள்களே கோடிட்ட கொப்பித்தாளில் அச்சாகின. சித்திரத்தாளுக்கும் பஸ்ரெலுக்கும் எங்கே போவது? 1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் வலிகாமம் முழுவதும் பெயர்ந்தபோது மாற்குவின் ஓவியங்கள் பல அழிந்தன. அடுத்த ஆண்டில் மட்டக்களப்பில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரிற் பாதிப்புற்ற சிறுவர்க்கு மண்ணும் நிறமும் கதையும் மருந்தாயின. துயருற்ற குழந்தைக்குச் சித்திரம் வேண்டும் என்பதனை நாடு அப்போது ஒப்புக்கொண்டது. துயரற்ற குழந்தைக்கும் அது வேண்டும் என்பது இன்னும் ஒப்புக்கொள்ளப்படவில்லை.

ஐந்தாம் வகுப்பிற் புலமைப்பரிசிற் பரீட்சை நிற்கின்றது. அதிற் சித்திரத்துக்கு வினாவும் இல்லை, புள்ளியும் இல்லை. ஆதலின் மூன்றாம் நான்காம் வகுப்புக்களிலேயே சித்திரப் பாடவேளை கணக்குக்கும் நுண்ணறிவு வினாக்களுக்கும் ஒதுங்கி இடம் கொடுத்துவிடுகின்றது. லோவன்பெல்ட் 1947இல் எழுதிய ஆராய்ச்சியின்படி, ஒன்பது வயதளவிலேயே பிள்ளை தான் வரைந்த துலாக்கிணறு உண்மைக் கிணற்றைப் போல இல்லையே என்று முதன்முதலாக வெட்கப்படத் தொடங்குகின்றது. கோட்டையும் வடிவத்தையும் நிறத்தையும் பற்றி ஆசிரியர் சொல்ல வேண்டிய வயது அதுவே. அதற்குமுன் சொன்னாற் பிள்ளைக்கு வேண்டாதது. அதன்பின் சொன்னாற் பிள்ளை பென்சிலைக் கீழே வைத்துவிட்டிருக்கும்.

ஆறாம் வகுப்பில் அப்பிள்ளை சித்திரம், சங்கீதம், நடனம், நாடகம் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கின்றது. சங்கீதத்தைத் தெரிந்த நாதசுரக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அப்போதே ஐந்தாறாண்டுப் பயிற்சி உண்டு. சித்திரத்தைத் தெரிந்த பிள்ளை புதுக்கொப்பியின் முதற் பக்கத்தில் இரண்டு மலையை வரைந்து, நடுவே சூரியனை வைக்கின்றது.